வரேன்னு சொன்ன பொண்ணு

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த காலையில், டெல்பின் குடையை மடக்கியபடி மருத்துவமனைக்குள் நுழைந்தாள். நாற்காலியில் உட்காரும் முன்பே ஒரு சண்டை அவளுக்காகக் காத்திருந்தது.

"இதோ, இந்தப் பொண்ணுதான் சார்," என்றார் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றவர். "எங்கப்பாவ டிஸ்சார்ஜ் பண்ணி வண்டியில ஏத்துறோம். பக்கத்துல நின்னு கை கூப்பி 'போயிட்டு வாங்க'ங்குது. எங்க வர்றது? மறுபடி இங்கயா? வீட்டுக்குப் போன ராத்திரியே அவருக்குத் திரும்பக் காய்ச்சல்!"

மேலாளர் சாய்நாத் அவர் தோளில் கை போட்டார். காபி வரவழைத்தார். இளம் பெண், புதுசு, நல்ல குடும்பம் என்றெல்லாம் சொல்லி அனுப்பிவைத்தார். பிறகு டெல்பின் பக்கம் திரும்பினார்.

"வாயில வந்துடுச்சு சார். யார் கிளம்பினாலும் அப்படித்தானே சொல்லுவோம்."

"வீட்டுல சொல்லு. இங்கேர்ந்து போறவங்கள திரும்ப வரச் சொல்லக் கூடாதும்மா. 'நல்லபடியா இருங்க'ன்னு சொல்லணும். எங்க, சொல்லு பாப்போம்."

"நல்லபடியா இருங்க."

"சத்தமா."

"நல்லபடியா இருங்க, சார்."

"எனக்கு எதுக்கும்மா, நான் எங்க போகப்போறேன்," என்று சாய்நாத் அலுத்த சிரிப்போடு தன் அறைக்குள் போனார்.

மயிலாப்பூரில், லஸ் முனையிலிருந்து உள்ளே திரும்பும் தெரு ஒன்றில் இருந்தது அந்த மருத்துவமனை. முன்பக்கம் கண்ணாடி. பின்பக்கம் ஒரு பழைய பங்களா; அதன்மேல் மாடிகளை எழுப்பி வார்டு ஆக்கியிருந்தார்கள். டெல்பின் நுண்ணுயிரியல் படித்தவள். ஆய்வகத்தில் வேலை கேட்டு வந்தாள். அங்கே இடமில்லை, நோயாளிகளின் குறை கேட்கும் பிரிவில்தான் இருக்கிறது என்றார்கள். கண்ணாடித் தகட்டில் வளரும் கிருமிகளிடம் பேச வேண்டியதில்லை என்பதற்காகவே அந்தப் படிப்பை எடுத்தவளுக்கு, நாள் முழுக்கப் பேச வேண்டிய வேலை வாய்த்தது.

காலையில் ஒவ்வொரு படுக்கையாகப் போவாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சொல்லுங்க, என்ன குறை?" என்பாள். இட்லி ஆறிப்போச்சு. கொசு. குளியலறைக் கதவு தாழ்ப்பாள் சரியில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, எழுந்திருக்கும்போது மறக்காமல் "பாத்துட்டு வரேன்" என்பாள். படுத்திருப்பவருக்கு அந்த "வரேன்" ஓர் ஆறுதல்.

அங்கே இன்னொரு விதியும் உண்டு. குறை தீர்ந்தது என்று இவர்களாக முடித்துவிட முடியாது. குறை சொன்னவரே தன் வாயால் "சரி" என்று சொல்ல வேண்டும். அதுவரை அது திறந்தே கிடக்கும்.

மூன்றாம் மாடியின் கடைசி அறையில் ஜானு மாமி இருந்தாள்.

இதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கிக் கிடந்த மெலிந்த உருவம். மருந்து வாடை பிடிக்காமல், புடவைத் தலைப்பில் ஒரு துண்டு பச்சைக் கற்பூரத்தை முடிந்து வைத்திருந்தாள். அறைக்குள் நுழைந்ததும் அந்தக் குளிர்ந்த வாசனைதான் முதலில் வரும். கட்டில் கம்பியில் கட்டிய அழைப்பு மணியின் பொத்தானை அவள் கட்டைவிரல் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். வெளியே கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தபடியே இருக்கும். நர்ஸுகளுக்கு அது பழகிவிட்டது.

"குறை கேக்கற பொண்ணா? வா, உக்காரு. எவ்ளோ நாழியா மணி அடிச்சுண்டே இருக்கேன், ஒருத்தரும் வரமாட்டேங்கறா. வந்தா, டாக்டர்தான் சொல்லணும்கறா. டாக்டர் வந்தா, பாக்கலாம்கறார். நான் எப்போ ஆத்துக்குப் போறது? அத மட்டும் கேட்டுச் சொல்லேன்."

"கேட்டுட்டு வரேன் மாமி."

"எல்லாரும்தான் வரேங்கறா."

"நான் வருவேன் மாமி."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ வருவே. உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியறது. சித்திரைக் குளத்துக்குப் பின்னாடி எங்காம். வாசல் கேட்டுல மணி இருக்கும். நீ அங்கயும் வரணும்."

டெல்பின் போனாள். டாக்டர் அறுவை அரங்கில் இருந்தார். அவர் வெளியே வருவதற்குள் இரண்டாம் மாடியில் ஒருவர் வழுக்கி விழுந்தார். அவருடைய மைத்துனர் வீடியோ எடுத்தார். பிறகு சாம்பாரில் ஏதோ கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில் சாந்தோமிலிருந்து அம்மா போன் செய்தாள்.

"டெல்பி, இன்னா இன்னும் வரல? நெஞ்சு படபடன்னு கீது. மழை வேற."

"வந்துடறேன்மா."

அம்மா மர்சலினுக்குத் துணை டெல்பின் மட்டும்தான். வீட்டுக்குப் போனபோது மத்தி மீன் வறுக்கும் வாசனை மாடிப்படி வரைக்கும் வந்தது. "கை கால் கழுவிட்டு வா," என்றாள் அம்மா, தினமும் சொல்வதைப்போல. மாமியின் நினைவு டெல்பினுக்குப் படுக்கையில் சாய்ந்த பிறகுதான் வந்தது. காலையில் முதல் வேலையாகப் போய்விடலாம் என்று நினைத்தாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

காலையில் முதல் வேலையாகத்தான் போனாள். மாமி ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். போர்வை தோள்வரை இருந்தது. கை மட்டும் வெளியே, மணிப் பொத்தானின் மேல் கட்டைவிரல். மழை வெளிச்சத்தில் அறை சாம்பல் நிறமாக இருந்தது.

"மாமி, மன்னிச்சுக்கோங்க. நேத்து டாக்டரப் பிடிக்க முடியல. இன்னிக்குக் கண்டிப்பா கேக்கறேன்."

மாமி பேசவில்லை. கோபம் போலிருக்கிறது.

"தூங்குங்க. போயிட்டு வரேன்."

திரும்பினால் வாசலில் ஷில்பா நின்றிருந்தாள். டெல்பினைவிடச் சின்னவள், அந்த மாடியின் நர்ஸ். கையில் ஒரு சுருள் பஞ்சு.

"அக்கா," என்றாள் மெல்ல. "யார்கிட்ட பேசறீங்க?"

டெல்பின் பஞ்சைப் பார்த்தாள்.

"டியூட்டி டாக்டர் இப்பதான் பாத்துட்டுப் போனார். தூக்கத்துலயே போயிட்டாங்க. நான் பஞ்சு எடுக்கப் போனேன்." ஷில்பா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "ஏன்க்கா, சாவு வீட்டுலேர்ந்து கிளம்பும்போதே யாரும் 'வரேன்'னு சொல்ல மாட்டாங்களே. நீங்க நேரா அவங்ககிட்டயே சொல்லிட்டீங்க?"

டெல்பினுக்கும் தெரியும். அவர்கள் தேவாலயப் பங்கில்கூட, துக்க வீட்டிலிருந்து எல்லோரும் வாய் திறக்காமல்தான் எழுந்து போவார்கள். சொன்னால் வர வேண்டியிருக்கும்.

"பழக்கந்தானே," என்றாள். "அவங்களுக்குக் கேக்கவா போகுது?"

மாமியின் விரல்களைப் பொத்தானிலிருந்து எடுக்க ஷில்பா சிரமப்பட்டாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து மாமியின் மகன் வந்தார். எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பிப் போனார். அறையைக் கழுவி, மெத்தையை மாற்றினார்கள். அது டெங்கு காலம். எந்தப் படுக்கையும் காலியாகக் கிடக்க முடியாது.

அந்த அறைக்கு அடுத்து வந்தவர் மதிவாணன். கோட்டூர்புரத்துக்காரர், சிறுநீரகக் கல். டெல்பின் முக்காலியை இழுத்துப் போடுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னாமா நீங்க? தனி ரூம்னு சொல்லிட்டு, உள்ளார ஒரு மாமிய வச்சிக்கினு கீறீங்க?"

"எந்த மாமி சார்?"

"அத நீதான் சொல்லணும். கண்ண மூடினா வந்து கால்மாட்டுல குந்திக்குது. நான் இன்னா ஆபரேஷன் பண்ணிக்கினு படுத்திருக்கேனா, இல்ல அதுக்குக் கதை சொல்லிக்கினு கீறேனா? ஒரே கேள்வியக் கேட்டுக்கினே கீது."

டெல்பின் சிரிக்கத்தான் நினைத்தாள். மயக்க மருந்து தெளியும்போது இப்படி எத்தனையோ பேர் சொல்வதுண்டு.

"என்ன கேக்கறாங்க சார்?"

மதிவாணன் கண்ணை மூடி யோசித்தார். பிறகு அவர் வாயிலிருந்து வந்தது அவர் பேச்சாக இல்லை.

"வரேன்னு சொன்ன பொண்ணு வந்தாளா?"

சொல்லிவிட்டு அவரே தன் வாயைத் துடைத்துக்கொண்டார், ஏதோ கசந்ததைப்போல.

டெல்பின் எழுந்தாள். "பாத்துட்டு..." என்று தொடங்கி, மீதியை விழுங்கினாள். நடைக்கூடத்துக்கு வந்த பிறகுதான் மூக்கு அதை அடையாளம் கண்டது. உள்ளே பினாயில் வாசனை இல்லை.

பச்சைக் கற்பூரம்.

மதிவாணன் மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்த கல்லூரி விரிவுரையாளர், மருந்து ஏறும் ஊசியைத் தானே பிடுங்கிக்கொண்டு படிக்கட்டு வரை நடந்து, அங்கே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். வயதான பெண்மணி ஒருவர் வீட்டுக்கு வழி கேட்டதாகவும், கையைப் பிடித்து இறக்கிவிடப் போனதாகவும் சொன்னார். அந்தக் கை ஈரத் துணிபோல இருந்தது என்றார்.

ஷில்பா பொத்தானின் கம்பியைக் கழற்றி அலமாரியில் வைத்தாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு அப்படியும் எரிந்தது. எலெக்ட்ரீஷியன் வந்து, மழை ஈரம் சுவருக்குள் இறங்கியிருக்கிறது என்றார்.

"சார், அந்த அறைய மட்டும் கொஞ்ச நாள் மூடி வைக்கலாமா?" என்று கேட்டாள் டெல்பின்.

சாய்நாத் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கீழ ஸ்ட்ரெச்சர்ல ஜனங்க காத்திருக்காங்க. நான் அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? ஒரு மாமி இருக்காங்கன்னா? குறை வந்தா தீர்த்து வைக்கிறதுதான் உன் வேலை. தீர்த்து வை."

அன்று அந்த அறைக்கு உம்மே ஹானி வந்தாள். அடையாறில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். டெங்கு. ரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. டெல்பின் வயதுதான் இருக்கும். காய்ச்சலில் முகம் சிவந்து, உதடு வெடித்திருந்தது. அந்த நிலையிலும் "உங்களுக்கு எவ்வளவு வேலை, பாவம். என்கிட்ட குறை ஒண்ணும் இல்லைங்க," என்று சொன்ன ஒரே நோயாளி அவள்தான்.

மறுநாள் அவள் கணவர் உமர் ஃபாரூக் டெல்பினின் மேசைக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மேடம், நான் அவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். தூக்கத்துல அவ பேசறா."

"காய்ச்சல் ஜாஸ்தியா இருக்கும்போது..."

"எங்க வீட்டுல யாரும் அப்படிப் பேச மாட்டாங்க மேடம். 'ஆத்துக்கு'ங்கறா. 'வந்துண்டு இருக்காளா'ங்கறா. கண்ணு திறந்திருக்கு, என்னை அடையாளம் தெரியல. காலையில கட்டில விட்டு இறங்கி வாசல் வரைக்கும் வந்துட்டா. நான் பிடிக்கலேன்னா விழுந்திருப்பா."

டியூட்டி டாக்டர் ஒரே வரியில் சொன்னார். இந்த எண்ணிக்கையில் அவள் ஒரு தடவை விழுந்தால் போதும். உள்ளே ரத்தம் கசியத் தொடங்கினால் நிறுத்த முடியாது. வண்டியில் ஏற்றி அலைக்கழிப்பதும் ஆபத்துதான். வேறு படுக்கை கிடையாது. வேறு மருத்துவமனைகளிலும் கிடையாது.

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார்," என்றாள் டெல்பின். "நான் பாத்துக்கறேன்."

அவர் அவளை நம்பிப் போனார். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்து நம்பித் தொலைத்தார்கள்.

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவள் குடையோடு வெளியே இறங்கினாள். கேட்டுச் சொல்வதாகச் சொன்ன கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. சித்திரைக் குளத்துக்குப் பின்னால், ஜானு மாமி என்று கேட்டதும் பூக்காரம்மா கையால் திசை காட்டினாள்.

அங்கே வீடு இல்லை. தெரு ஓரம் முழுக்க நீலத் தகரம் அடித்திருந்தது. இடுக்கு வழியாகப் பார்த்தாள். தோண்டிய பள்ளத்தில் மழைத் தண்ணீர் செம்மண் நிறமாக நின்றது. ஒரு பக்கத்து கேட் தூண் மட்டும் இடிபடாமல் மிச்சமிருந்தது. அதில் அழைப்பு மணிப் பொத்தான். கம்பி அறுந்து தொங்கியது.

"பையன் முன்னாடியே ஒரு தடவ வந்தாரு, வீட்ட பில்டர்கிட்ட கொடுத்தாரு, போயிட்டாரு," என்றாள் பூக்காரம்மா. "அந்தம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே இடிக்க ஆரம்பிச்சாச்சு."

டெல்பின் திரும்பி நடந்தாள். செருப்பில் தண்ணீர் புகுந்து, ஒவ்வொரு அடிக்கும் சத்தமிட்டது. டாக்டர் ஏன் "பாக்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது இப்போது புரிந்தது. போக வீடில்லை என்ற பதிலை யாரும் அந்த மாமியிடம் சொல்ல விரும்பவில்லை.

மூன்றாம் மாடியில் நடைக்கூடம் வெறிச்சோடியிருந்தது. பார்வையாளர் நேரம் இன்னும் தொடங்கவில்லை. உமர் ஃபாரூக் தொழுகைக்குப் போயிருந்தார். கடைசி அறைக் கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

"நானும் வரட்டுமாக்கா?" என்றாள் ஷில்பா. வருவதற்கு அவள் கால்கள் தயாராக இல்லை.

"வேண்டாம். வெளியிலயே இரு. உனக்குத் தெரிஞ்சா சொல்லு, இதுக்கு என்ன பண்ணுவாங்க?"

"எனக்கு என்னக்கா தெரியும்? நர்சிங்லயா சொல்லிக் கொடுத்தாங்க?" பிறகு டெல்பினின் கையைப் பிடித்தாள். "கிளம்பும்போது மட்டும் 'வரேன்'னு சொல்லிடாதீங்க."

டெல்பின் உள்ளே போனாள்.

ஹானி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மழை வழிந்தது. எல்லாம் இருக்க வேண்டிய மாதிரியே இருந்தன.

டெல்பின் முக்காலியை இழுத்தாள். அதன் கால் தரையில் உரசிய சத்தம் அளவுக்கு மீறிக் கேட்டது.

"சொல்லுங்க மாமி," என்றாள். "என்ன குறை?"

மின்சாரம் போனது.

ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு இடைவெளிதான். எப்போதும் வந்துவிடும்.

வரவில்லை.

மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. கற்பூர வாசனை, யாரோ முந்தானையை உதறியதைப்போல, முகத்தின் மேல் வந்து விழுந்தது. ஹானியின் வலது கை போர்வைக்கு வெளியே வந்தது. கட்டைவிரல் மெத்தை விளிம்பை அழுத்தத் தொடங்கியது.

அழுத்தியது. விட்டது. அழுத்தியது.

"வந்துட்டியா?"

ஹானியின் உதடுகள்தான் அசைந்தன. குரல் வறண்டு, மெலிந்து, களைத்திருந்தது. அதில் கோபம் இல்லை. காத்திருந்து காத்திருந்து கோபம் தீர்ந்துபோன குரல்.

"வந்துட்டேன் மாமி."

"கேட்டியா?"

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள், யாரிடமும் இல்லை என்று சொல்லக் கூடாது, பார்க்கலாம் என்று சொல்ல வேண்டும். இத்தனை நாளும் அப்படித்தான் சொல்லி வந்தாள்.

"கேட்டேன் மாமி. நேர்லயே போய்ப் பாத்தேன்."

"நானும் போய்ப் பாத்தேன்டி. ஆத்தக் காணலயே. தகரம் அடிச்சு வச்சிருக்கா. கேட்டுல நின்னுண்டு மணிய அடிச்சு அடிச்சுப் பாத்தேன். ஒருத்தரும் வரல."

மழை ஓங்கியது.

"இடிச்சுட்டாங்க மாமி," என்றாள் டெல்பின். கண்ணீர் தானாக இறங்கியது. பயமா, பரிதாபமா, தூக்கமில்லாத களைப்பா என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "உங்க பையன் கொடுத்துட்டார். இனிமே அங்க வீடு இல்ல. உங்ககிட்ட யாருமே சொல்லல. நானும் வரேன்னு சொல்லிட்டு வரல. தப்புதான். இந்தப் பொண்ண விட்டுடுங்க மாமி. இவ வீட்டுல இவளுக்காகக் காத்துண்டு..."

நிறுத்தினாள். அது அவள் சொல் அல்ல. அவள் வாயில் அது எப்படி வந்தது?

"காத்துட்டு இருக்காங்க," என்று திருத்திச் சொன்னாள்.

கட்டைவிரல் நின்றது.

ஹானியின் மூச்சும் சொட்டு மருந்தும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"சரி," என்றது குரல்.

குறை சொன்னவரே தன் வாயால் சொல்லிவிட்டார். டெல்பினின் தோள்கள் தளர்ந்தன.

"அப்போ, நான் கிளம்பட்டுமாடி?"

அவ்வளவு சாதாரணமாக, யாரோ காபி குடித்துவிட்டு எழுந்திருப்பதைப்போலக் கேட்டது. டெல்பின் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு கைகளும் தாமாகக் கூப்பிக்கொண்டன.

"போயிட்டு வாங்க மாமி."

சொன்ன பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

ஹானியின் உதடு மெல்ல விரிந்தது.

"வரேன்."

விளக்கு வந்தது. மின்விசிறி சுழன்றது. ஹானி முகத்தைச் சுளித்து, புரண்டு, "தண்ணி," என்றாள் தன் சொந்தக் குரலில்.

ஷில்பா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "லைட் அணைஞ்சிடுச்சுக்கா! மேல, அந்தச் சிவப்பு லைட்டு!" அவள் முகம் மலர்ந்திருந்தது. "ஒண்ணும் சொல்லிடலயே?"

டெல்பின் தம்ளரில் தண்ணீரை ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது.

"இல்ல," என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் அந்த அறையிலிருந்து எந்தக் குறையும் வரவில்லை. பினாயில் வாசனை திரும்பி வந்திருந்தது. ஹானியின் தட்டணுக்கள் ஏறின. டெல்பின் ஒவ்வொரு நாளும் நடைக்கூடத்தின் கடைசி வரை போய், கதவுக்கு மேல் பார்த்துவிட்டு வந்தாள். விளக்கு இருட்டாகவே இருந்தது. தூக்கமில்லாத மூளை எதையும் கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காய்ச்சலில் ஒருத்தி உளறினாள், களைப்பில் இன்னொருத்தி அதற்குப் பதில் சொன்னாள். அவ்வளவுதான்.

ஹானி வீட்டுக்குப் போன நாளில் மழை விட்டிருந்தது. உமர் ஃபாரூக் ஒரு டப்பா இனிப்பைக் கொடுத்தார். ஹானி டெல்பினின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லபடியா இருங்க," என்றாள் டெல்பின், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து.

தூரத்தில் நின்ற சாய்நாத் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பிறகு பக்கத்தில் வந்து, "இன்னிக்குச் சீக்கிரம் கிளம்பும்மா. உன் முகத்தப் பாத்தா உனக்கே ஒரு பெட் போடணும் போலிருக்கு," என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய் எத்தனை நாளாயிற்று. பேராலயத்தைத் தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கி, கடைத்தெரு வழியாகச் சந்துக்குள் நடந்தாள். கடல் காற்றில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. யாரோ வலையை இழுத்துப் போட்டபடி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். இன்று முழுக்க அம்மா ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை என்பது மாடிப்படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது.

படிக்கட்டில் மீன் வாசனை இல்லை.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது. அம்மா ஜன்னலோரம் நாற்காலியில், கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மாதா படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றவில்லை. நடுவில் முக்காலி ஒன்று இழுத்துப் போடப்பட்டிருந்தது.

"அம்மா? சமைக்கலயா? நெஞ்சு வலிக்குதா?"

"கை கால் அலம்பிண்டு வா."

டெல்பினின் கை பையின் வாரிலேயே நின்றது.

அறைக்குள் கடல் காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் உப்பு இல்லை. குளிர்ந்த, மெல்லிய, தலையைக் கிறங்கடிக்கும் வேறொரு வாசனை இருந்தது.

நாற்காலியின் கைப்பிடி மேல் அம்மாவின் கட்டைவிரல் அழுத்தியது. விட்டது. அழுத்தியது.

"அம்மா," என்றாள் டெல்பின்.

அம்மா திரும்பவில்லை. குரலில் கோபம் ஏதுமில்லை.

"வரச் சொல்லிட்டு நீ எங்கடி போயிட்டே? எவ்ளோ நாழியா மணி அடிச்சுண்டே இருக்கேன்."